முதல் தோட்டா மண்ணுக்கு

ஆல்கர் ஊரில் டெல்மர் வென்ட்ஸைப் பற்றி விசாரித்தால், "நல்லாச் சுடுவான்" என்பார்கள். அதற்கு மேல் சொல்ல யாரிடமும் ஒன்றும் இருக்காது. தன்னைப் பற்றி அதற்கு மேல் சொல்ல அவருக்கும் தெரியாது. அறுபத்து நான்கு வயதில் அது ஒரு மனிதனுக்கு நல்ல நிலைமை அல்ல.

தெற்கு டகோட்டாவின் வடமேற்கு மூலையில் முப்பத்தொரு வருடம் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவர். நான்கு வருடங்களுக்கு முன்பு, கோதுமையை மேலே ஏற்றும் திருகுக் குழாய் அவருடைய வலது கையில் இரண்டு விரல்களையும் மணிக்கட்டின் பலத்தையும் எடுத்துக்கொண்டது. கிடங்குக்காரர்கள் ஒரு கேக் வெட்டி, கை குலுக்க வேண்டிய நேரத்தில் தோளைத் தட்டி அனுப்பிவைத்தார்கள். மனைவி லவோன் அதற்கு முன்பே பிஸ்மார்க்கில் தன் தங்கை வீட்டோடு போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. பேச எதுவும் மீதமில்லை, அவ்வளவுதான்.

மிஞ்சியது ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு. ஒவ்வொரு ஏப்ரலிலும் மாட்டுப் பண்ணைக்கார அம்மா ஆர்டிஸ் ஹோவ்லன்ட் கூப்பிடுவார். "மேல வந்துட்டாங்க டெல்மர்" என்பார். வந்தவர்கள் புல்வெளி நாய்கள். பெயர்தான் நாய். பார்த்தால் கொழுத்த அணில், நிமிர்ந்து நின்றால் முழங்கால் உயரம்கூட இராது. நான்கு வளைகளில் தொடங்கிப் பத்து வருடத்தில் ஒரு மேய்ச்சல் நிலத்தையே மொட்டையடித்துவிடும். ஹோவ்லன்ட் நிலத்தில் பத்தொன்பது வருடமாக அவற்றைச் சுட்டுக் குறைத்து வந்தவர் டெல்மர். இவ்வுலகில் அவரால் ஆகவேண்டிய காரியம் ஒன்று உண்டு என்று ஒருவர் நினைக்கிறார் என்பதற்கு அந்த அழைப்பு மட்டுமே சாட்சி.

கை போனபின், ஒவ்வொரு முறையும் தாழை இழுத்துத் தள்ளவேண்டிய பழைய துப்பாக்கி அவருக்கு உதவவில்லை. அதை விற்றுவிட்டு, சுட்ட வேகத்திலேயே அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி ஒன்றை வாங்கினார். அதில் மூன்று கோடைகள் சுட்டார். மூன்றாம் கோடையின் முடிவில், ஆகஸ்டில், ஆர்டிஸ் அவரை வேலிக் கதவருகே நிறுத்தினார். எழுபத்து மூன்று வயது, புருஷன் இல்லை, இருநூறு மாடுகள். சுற்றி வளைத்துப் பேச நேரம் இல்லாதவர்.

"நேத்து நீ போனப்புறம் மாடு நக்கற உப்புக்கல்லுகிட்ட ஒண்ணு கெடந்துச்சு. பின்னங்கால் ரெண்டும் இல்ல. இன்னைக்குக் காலைலயும் உசுரோட இருந்துச்சு."

"காத்து ஜாஸ்திம்மா நேத்து."

"காத்து இங்க என்னைக்குப்பா இல்ல? எனக்கு அதுங்க மேல பாசம் ஒண்ணும் கெடையாது, என் புல்லத் திங்குதுங்க. ஆனா கொல்றதுன்னா கொல்லு. மிச்சத்த நான் பூட்ஸ் காலால முடிச்சு வைக்கறாப்ல இருக்கக் கூடாது. இந்த வருஷம் இது நாலாவது."

டெல்மர் தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"அடுத்த மே கடைசிக்குள்ள எங்கண்ணு முன்னால சுட்டுக் காட்டு. எரநூறு கஜம், அஞ்சு குண்டு. சரியா இருந்தா இங்க சுடற வேலை உனக்கு. இல்லன்னா வளைக்கு வளை வெஷம் கலந்த ஓட்ஸ் தானியம் போடறவங்ககிட்ட பேர் குடுத்துடுவேன்."

அந்தக் குளிர்காலம் முழுவதும் டெல்மர் வீட்டு நிலவறையில் இருந்தார். கடைத் தோட்டாக்களை நம்புவதை அவர் என்றோ விட்டுவிட்டார். ஒரு துப்பாக்கிக்குப் பிடித்த தோட்டா என்று ஒன்று உண்டு, அதைக் கையால்தான் செய்து கண்டுபிடிக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்தில் துப்பாக்கி சுடுபவர்கள் எல்லோரின் நம்பிக்கை. ஒருமுறை சுட்ட பித்தளைக் கூட்டைத் தேய்த்து, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் பற்றவைக்கும் புதுப் பொறி வைத்து, வெடிமருந்தை நிறுத்துக் கொட்டி, வாயில் குண்டைப் பொருத்த வேண்டும். இரண்டு கையும் இருந்தபோது ஒரு தோட்டாவுக்கு ஒரு நிமிடம். இப்போது நாலு நிமிடம். ஒரு அரிசிமணியைக் காலாக வகுத்தால் வரும் எடை அளவுக்கு மருந்தைக் கூட்டுவார், குறைப்பார். தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி இதில் ஒத்துழைக்காத ஜாதி. குண்டை விருப்பப்படி நீட்டி வைக்க முடியாது, தோட்டாப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். ஏற்றும் வேகத்தில் இடிபட்டுக் குண்டு நகராமலும் இருக்க வேண்டும். நான்கு வகை மருந்து, ஐந்து வகை குண்டு. ஒவ்வொரு கலவைக்கும் நோட்டில் ஒரு பக்கம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மெர்ல் டைகனோடு ஜல்லிக் குழிக்குப் போய்ச் சுட்டுப் பார்ப்பார். மெர்ல் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சிநேகிதர். அந்தக் குழிக்கு வருகிற எல்லோரையும் போல அவர்களுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. துடைத்த குழல், குளிர்ந்த குழல். முதல் ஒன்றிரண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே முதல் தோட்டா மண்ணுக்கு. இலக்குக் காகிதத்தைப் பார்க்காமல் பக்கவாட்டு மேட்டில் சுட்டுவிட்டு, குழல் சூடேறியதும் காகிதத்தில் ஐந்து. மெர்ல் அதைச் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்வதைப் போலச் சொல்வார்: "மண்ணுக்கு உண்டானது மண்ணுக்கு."

மார்ச் இரண்டாம் வாரம், பத்தொன்பதாம் கலவை. மூச்சுக்கு ஒன்றாக ஐந்தும் போயின. காகிதத்தில் இருந்தது ஒரே ஓட்டை, ஓரங்கள் கிழிந்தது. பத்து சென்ட் நாணயத்தை வைத்தால் மறைந்துவிடும்.

மெர்ல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "டேய், இதுல ஒண்ணுதான்டா பட்டிருக்கு. மிச்ச நாலும் வயோமிங்ல யாரோட மாட்டையாவது கொன்னுருக்கும். போலீஸ் வரதுக்குள்ள கெளம்பு."

"அஞ்சும் அதுலதான்டா போயிருக்கு."

"அப்ப எனக்கு ரெண்டு டப்பா செஞ்சு குடு. நானும் செத்தப்புறம் ஊர்ல நல்ல பேர் வாங்கிக்கறேன்."

டெல்மர் சிரித்தார். அந்தக் குளிர்காலத்தில் அது முதல் தடவை. அடுத்த ஞாயிறும் அதே கலவை, அதே ஒற்றை ஓட்டை. காகிதத்தைச் சதுரமாக வெட்டிப் பர்ஸில் வைத்தார்.

"கல்யாண போட்டோ இருந்த எடமா?" என்றார் மெர்ல்.

"அத எப்பவோ எடுத்தாச்சு."

மே இருபத்தேழு, காலை பத்து மணி. காற்று அன்று ஓய்ந்திருந்தது. டெல்மருக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. ஆர்டிஸ் இருநூறு கஜத்தில் ஒரு அட்டையை நட்டு, அதில் காபிக் கோப்பையைக் கவிழ்த்து வட்டம் போட்டுவிட்டு, பிக்கப் வண்டியை ஓட்டி வந்து பக்கத்தில் நிறுத்தினார். டெல்மர் தன் வண்டியின் மூக்கில் மணல்பையை வைத்துத் துப்பாக்கியைச் சாய்த்தார். வழக்கப்படி குழலைத் திருப்பி மேட்டில் சுடப் போனார்.

"எங்கப்பா திருப்பற?"

"மண்ணுலம்மா. ரெண்டு போட்டாத்தான் குழல் சூடாகும்."

"ஓ." ஆர்டிஸ் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகினார். "அதுங்ககிட்ட சொல்லிட்டியா, மொத ரெண்டு கணக்குல இல்லன்னு?"

டெல்மர் குழலை அட்டைப் பக்கம் திருப்பினார்.

"என் நிலத்துல ஒரு வேட்டு வெடிச்சா இருவது நிமிஷம் ஒண்ணும் தலை நீட்டாது. உனக்குத் தெரியாததா? ஒண்ணு சுடு. இருவது நிமிஷம் உக்காரு. அப்புறம் அடுத்தது. அப்பிடி அஞ்சு. எனக்கு வேற வேலை இல்ல இன்னைக்கு."

அவர் நியாயமாகத்தான் பேசினார். டெல்மர் சரி என்றார். பத்தொன்பதாம் கலவை மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

முதல் குண்டு வட்டத்துக்கு இடப்பக்கம், இரண்டங்குலம் வெளியே. தூரக்கண்ணாடியில் பார்த்தபோது அது யாரோ வேறொருவர் சுட்டதைப் போலிருந்தது. அடுத்த தோட்டா தானே ஏறி உள்ளே தயாராகக் கிடந்தது. விசைப் பூட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். ஆர்டிஸ் காபி கொடுத்தார். தூரத்தில் ஒரு மாடு இருமியது. இருபது நிமிடம் கழித்து இரண்டாவது, வட்டத்துக்குக் கீழே. காற்று என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் புல் நுனி அசையவில்லை. மூன்றாவது உள்ளே விழுந்தது, நட்டநடுவில். அதில் அவருக்கு ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை. அது எங்கே வேண்டுமானாலும் போயிருக்கக்கூடியது, அங்கே போனது என்று அதற்குள் விளங்கிவிட்டது.

மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையிலான அந்த இருபது நிமிடம்தான் நீளமானது. நோட்டின் பக்கங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எடை, நீளம், வெப்பநிலை, தேதி எல்லாம் ஒழுங்காக இருந்தன. எந்தப் பக்கத்திலும் முதல் குண்டு இல்லை. மனிதன் தற்செயல் என்று ஒதுக்கித் தள்ளுகிற விஷயத்தில் ஒழுங்கைத் தேடுவதில்லை. ஒதுக்கியபின் மிஞ்சுவது ஒழுங்காகத் தெரிவதில் வியப்பும் இல்லை. குளிர்ந்த குழல் தன் இருக்கையில் ஒவ்வொரு முறையும் வேறு விதமாக உட்கார்ந்தது, அல்லது வேறு ஏதோ ஒன்று. காரணம் எதுவானாலும் மருந்தை மாற்றித் தீர்க்கக்கூடியது அல்ல. மூன்று கோடையாக இந்த நிலத்தில் அவர் சுட்டதெல்லாம் முதல் குண்டுதான். சுட்டதும் துள்ளி வளைக்குள் விழுந்தவற்றைச் செத்தவை என்று எழுதியிருந்தார். கடைசி ஒரு கோடையில் மட்டும், இழுத்துக்கொண்டு வந்து ஆர்டிஸ் கண்ணில் பட்டவை நான்கு. வராதவை எத்தனை என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நான்காவது வலப்பக்கம் வெளியே. ஐந்தாவது கோட்டின் மேல்.

ஆர்டிஸ் நடந்து போய் அட்டையைப் பிடுங்கி வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கோட்டு மேல பட்டத உள்ளன்னே வெச்சுக்கறேன். அஞ்சுக்கு ரெண்டு."

"இப்ப தொடர்ந்து அஞ்சு சுட்டா எல்லாம் ஒரே ஓட்டையில போகும்மா." சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று டெல்மருக்குத் தெரிந்தது.

"போகும். அழகாத்தான் இருக்கும். அத வெச்சு நான் என்னப்பா பண்றது?"

"குழல மாத்திப் பாக்கலாம். ராபிட் சிட்டில துப்பாக்கி ரிப்பேர் பண்றவன் ஒருத்தன் இருக்கான். கையில எடுக்கவே வருஷம் ஆகும்ங்கறான்."

"ஒரு வருஷத்துல அதுங்க தெக்கு வேலியத் தாண்டிடும்." ஆர்டிஸின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் டெல்மருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "வேணும்னா ஒண்ணு பண்ணு. ஓட்ஸ் போடறவங்க வரது அக்டோபர்ல. அதுவரைக்கும் வந்து சுட்டுக்கோ. நான் பாக்காத மாதிரி இருந்துக்கறேன்."

ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். நான்கு மாதம். அவருக்கு அது நிறைய.

"வேணாம்மா," என்றார்.

"ஏன்?"

"இனிமே எனக்குத் தெரியும்ல."

ஆர்டிஸ் வண்டிக்குள்ளிருந்து விஷ ஓட்ஸுக்கான படிவத்தை எடுத்து வந்து எஞ்சின் மூடியின் மேல் விரித்தார். காலையெல்லாம் ஓய்ந்திருந்த காற்று அப்போது எழுந்து காகிதத்தைத் தூக்கியது. டெல்மர் தன் மூன்று விரல் கையை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டார். ஆர்டிஸ் பேரை எழுதினார், நிலத்தின் பரப்பை எழுதினார்.

"வளை எத்தனைன்னு கேட்டிருக்கான். அதுக்குத் தக்கபடிதான் ஓட்ஸ் கொண்டு வருவானாம். ஆயிரம்னு குத்துமதிப்பா போடவா?"

"ஆயிரத்து நூத்தி நாப்பது. அதுல வடக்குச் சரிவுல புதுசா முப்பது."

"எப்பிடித் தெரியும்?"

"ஏப்ரல்ல நடந்து எண்ணுனேன்."

ஆர்டிஸ் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எண்ணை எழுதினார். கையெழுத்துப் போட வேண்டிய இடம் டெல்மருடைய உள்ளங்கைக்கு அடியில் இருந்தது. அவர் கையை எடுத்துக் காகிதத்தின் மறு ஓரத்தில் வைத்துக்கொண்டார்.