பந்தை எங்கே எறிவது

சனிக்கிழமை காலை மைதானத்தில் போய் நின்றால், பந்து என் பக்கம் வருவதற்கு முன்பே, "உன்கிட்ட வந்தா எங்கே எறிவே?" என்று கேட்கிறார்கள். இந்த நாட்டுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்துக் குடிக்கப் பழகிவிட்டேன். டிசம்பரில் கோடைக்காலம் என்பதும் பழகிவிட்டது. என் அபிப்பிராயத்தை ஒருவர் முன்கூட்டியே கேட்பது மட்டும் இன்னும் பழகவில்லை. நியூசிலாந்தில், லோயர் ஹட் என்ற ஊரில், முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். அங்கே வேலை செய்கிற பெண்கள் சேர்ந்து ஒரு சாப்ட்பால் அணி வைத்திருக்கிறார்கள். ஒரு டீ இடைவேளையில், பள்ளிக்கூட நாளில் நானும் ஆடியிருக்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஆறு நாள் கிழவர்களைத் தூக்கி உட்காரவைத்த முதுகோடு ஏழாவது நாள் கையுறை மாட்டிக்கொண்டு நிற்பது அந்த ஒரு வார்த்தையால்தான். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை என்னுடையது.

எங்கள் கோச் பெயர் மெரெ. இந்த நாட்டுப் பூர்வகுடியான மவோரிப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், இல்லத்தின் சமையற்கட்டு அவள் பொறுப்பில். சாப்ட்பாலில் அடித்தவள் தொட்டு ஓட வேண்டிய நாலு மூலைகள்தான் பேஸ்; அவள் கிளம்பித் திரும்பி வந்து சேர வேண்டிய நாலாவது மூலை ஹோம். அணியில் எனக்கு இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்கும் இடம், ஷார்ட்ஸ்டாப். முதல் மாதத்தில், பந்து என் கைக்கு வந்ததும் நான் திரும்பி வெளியே உட்கார்ந்திருக்கும் மெரெயைப் பார்ப்பேன். மெரெ தலையசைத்து வேறொருத்தியை எழுப்பி உள்ளே அனுப்புவாள். நான் வெளியே வந்து உட்காருவேன். இப்படி மூன்று ஆட்டம். நம் ஆட்டம் லட்சணமாக இல்லை போலிருக்கிறது, நாசூக்காகக் கழற்றிவிடுகிறார்கள் என்று நினைத்து, நாலாவது வாரம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மெரெக்கு ஒரே ஆச்சரியம். "நீதானே ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்து, களைப்பா இருக்கு, மாத்துன்னு கேட்டே?" என்றாள். நான் அப்படிக் கேட்கவில்லை, எங்கே எறியட்டும் என்றுதான் கேட்டேன் என்றேன். அவளுக்கு அது விளங்கவே இல்லை. "பந்து உன் கையிலேதானே இருந்தது, டார்லிங்?" என்றாள்.

இதை வாசிக்கிற ஊர்க்காரர்களுக்கு அது விளங்கும் என்று நினைக்கிறேன். பெரம்பலூரில் நான் படித்த பெண்கள் பள்ளிக்குச் சாப்ட்பால் வந்ததே ஒரு கணக்கில்தான். கபடியிலும் கோகோவிலும் ஊர்ப்பட்ட டீம். சாப்ட்பாலில் ஆளே இல்லை. நாலு மேட்ச் ஜெயித்தால் மாநிலப் போட்டி. மாநிலப் போட்டிக்குப் போனால் சர்டிபிகேட். சர்டிபிகேட் இருந்தால் விளையாட்டுக் கோட்டாவில் காலேஜ் சீட். எங்கள் பி.டி. சார் வாலிபால்காரர். விதிப் புத்தகம் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்துவந்து, அதைப் படித்துப் படித்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். நல்ல மனிதர். சொந்தக் கையுறையைக் கிழிசல் தைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர். ஆனால் மைதானத்தில் ஒன்பது பேர் நின்றாலும் மூளை அவர் ஒருவருக்குத்தான். பந்து யார் கைக்குப் போனாலும் கோட்டுக்கு வெளியிலிருந்து அவர் கத்துவார், அவர் சொன்ன பேஸுக்கு நாங்கள் எறிவோம். அவர் கத்துவதற்குள் எறிந்துவிட்டால், அது சரியான இடமாகவே இருந்தாலும், மைதானத்தை நாலு சுற்று ஓட வேண்டும். நான் வேப்பந்தட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவள். ஓடுவதற்குத் தெம்பு கிடையாது. பந்தைப் பிடி, சாரைப் பார், எறி. இதை நான் நன்றாகவே கற்றுக்கொண்டேன்.

எங்கள் கேட்ச்சர் ஜோதி. பாடாலூர்ப் பெண். கேட்ச்சர் என்பவள் அடிக்கிறவளுக்குப் பின்னால் குந்தியிருப்பவள். முழு மைதானத்தையும் தன் முன்னால் வைத்துப் பார்க்கிறவள் அவள் ஒருத்திதான். எத்தனை பேர் அவுட், யார் எந்த பேஸில் நிற்கிறாள், பந்து போனால் எவளை மடக்கலாம் என்றெல்லாம் ஜோதி விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருப்பாள். அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பருத்தி எடுக்கப் போகும் நாளில்கூட, இந்த வரிசையை முடித்துவிட்டு அடுத்து எதில் இறங்கினால் வெயிலுக்கு முன் கரையேறலாம் என்று கணக்குப் போடுகிற புத்தி அவளுக்கு. நாங்கள் இருவரும் பிளஸ் ஒன். மதியச் சோற்றை ஒரே மூடியில் போட்டுத் தின்றவர்கள்.

அந்த வருஷம் அரியலூர்ப் பள்ளியோடு கடைசி ஆட்டம். ஜெயிக்கிறவர்கள் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். கடைசிச் சுற்று, ஒரு ரன் நாங்கள் முன்னால். அரியலூர்ப் பெண்கள் அடிக்கிறார்கள். இரண்டு பேர் அவுட். இரண்டாவது பேஸில் ஒருத்தி, மூன்றாவது பேஸில் ஒருத்தி. விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். இரண்டு பேர் அவுட் ஆன பிறகு, அடித்தவள் முதல் பேஸுக்கு வந்து சேருமுன் பந்து அங்கே போய்விட்டால் மூன்றாவது அவுட், கதை முடிந்தது. அதற்குள் மூன்றாவது பேஸ்காரி ஓடிவந்து ஹோமைத் தொட்டிருந்தாலும் அந்த ரன் செல்லாது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது மண்டையில் ஏறாது. ரன் ஓடுகிறவளைத்தான் கண் பார்க்கும், அவளைத்தான் மறிக்கத் தோன்றும். பந்து தரையோடு உருண்டு நேரே என் கைக்கு வந்தது. நான் சாரைப் பார்த்தேன். சார் எகிறிக் குதித்து, "ஹோமு! ஹோமுக்கு எறி!" என்று கத்தினார். அதே நேரம் ஜோதி முகமூடியைக் கழற்றி வீசிவிட்டு, கையை முதல் பேஸ் பக்கம் நீட்டி, "ஃபர்ஸ்டு! செல்வி, ஃபர்ஸ்டு!" என்று இரண்டு தடவை கத்தினாள்.

எனக்கு இரண்டு குரலும் கேட்டது. ஜோதி சொல்வதுதான் சரி என்றும் அந்தக் கணமே தெரிந்தது. நான் ஹோமுக்கு எறிந்தேன். அவசரத்தில் எறிந்த பந்து தாழப் போய், ஜோதியின் கையுறைக்கு அடியில் நுழைந்து பின்னால் ஓடியது. இரண்டு பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். தோற்றோம். ஏன் அப்படி எறிந்தாய் என்று இப்போது கேட்டால் எனக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. ஜோதி சொன்னபடி எறிந்து தப்பாகிப் போனால் பழி என்மேல். சார் சொன்னபடி எறிந்தால் பழி சார்மேல். பதினாறு வயதில் எனக்கு இருந்த சாமர்த்தியம் அவ்வளவுதான்.

ஆனால் சார்மேல் பழி போவதை எந்த ஊரில் கண்டிருக்கிறோம். பள்ளி வாசலில் இறங்கியதும் சார் எங்களை வரிசையாக நிறுத்தினார். "நான் வெளியில நிக்கிறேன், எனக்கு அவசரத்துல அப்படித்தான் தோணும். உள்ள இருக்குற கேட்ச்சருல்ல மாத்திச் சொல்லணும்? எதுக்கு ஒன்னைய அங்க குந்தவச்சிருக்கு?" என்று ஜோதியைக் கேட்டார். "ரெண்டு தடவ சொன்னேன் சார்" என்றாள் ஜோதி. சார் என் பக்கம் திரும்பினார். "ஒனக்குக் கேட்டுச்சா?"

"இல்லைங்க சார்" என்றேன்.

அடுத்த வருஷம் கேட்ச்சராக வேறொரு பெண்ணைப் போட்டார்கள். நான் அதே ஷார்ட்ஸ்டாப்பில் நின்றேன். அந்த வருஷம் ஜெயித்தோம், மாநிலப் போட்டிக்குப் போனேன், சர்டிபிகேட் வந்தது, திருச்சியில் சீட் கிடைத்தது, படித்தேன், இங்கே வந்து சேர்ந்தேன். சர்டிபிகேட் இல்லாத ஜோதி பிளஸ் டூவோடு நின்றாள். அரியலூரில் கட்டிக்கொடுத்தார்கள். வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். இத்தனைக்கும் அவள் என்னோடு ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. அன்று சாயங்காலமே, "கூட்டம் அந்தச் சத்தம் போட்டுச்சு, ஒனக்கு எங்கடி கேட்டிருக்கும்" என்று எனக்காக அவளே காரணம் சொன்னாள். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் நாலாம் நாள் அரியலூர் பஸ் ஏறுவது வழக்கம். கறிக்குழம்பு வைத்திருப்பாள். நான் தின்றுவிட்டு வருவேன். அந்தச் சோறு எனக்கு எப்படி இறங்கியது என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் இங்கே ஒரு ஆட்டம். இரண்டு அவுட், மூன்றாவது பேஸில் ஒருத்தி நிற்கிறாள், பந்து உருண்டு என்னிடம் வந்தது. நான் யாரையும் பார்க்கவில்லை. முதல் பேஸுக்கு எறிந்தேன். ஆட்டம் முடிந்தது. மெரெ இரண்டு தடவை கை தட்டினாள், "நல்ல யோசனை" என்றாள், எல்லோரும் சிப்ஸ் வாங்கப் போய்விட்டார்கள். நான் இவ்வளவுதானா, இவ்வளவு சுலபமா என்று அங்கேயே நின்றேன். சந்தோஷம் வரவில்லை. அசதிதான் வந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கை தடம் மாறிப்போன இடத்தை இவர்கள் ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கோடு தாண்டிப் போகிறார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜோதி கூப்பிட்டாள். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அடுப்படியிலிருந்து பேசினாள், பாத்திரச் சத்தம் கேட்டது. அவள் மகள் கயல் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளி சாப்ட்பால் டீமில் சேர்த்திருக்கிறார்களாம், பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம்.

"நான் போட மாட்டேன்னுட்டேன். ரெண்டு நாளா சோறு திங்காம அடம் புடிக்கிறா. பெரியம்மா சொன்னா கேக்குறேங்கறா. நீ பேசி, அதெல்லாம் வேணாம்னு சொல்லிரு செல்வி."

"ஏன்டி, ஆடட்டுமே."

"கேட்ச்சராப் போட்டிருக்காங்களாம்" என்றாள். "அந்த எடத்துல நின்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்துனாலும் ஒருத்தி காதுலயும் ஏறாதுடி. கடசில பழி மட்டும் வூடு தேடி வரும். எனக்குத் தெரியாதா. நீ சொல்லிரு, ஒன் பேச்சக் கேப்பா."

சொல்லிவிட்டால் முடிந்தது. கயலிடம் நாலு வார்த்தை, படிப்பைப் பார் கண்ணு என்று. ஜோதி சமாதானமாவாள், ஏப்ரலில் போனால் கறிக்குழம்பும் உண்டு. உண்மையைச் சொன்னால் அந்த வீட்டு வாசல் எனக்கு இருக்குமா என்று தெரியாது. ஊரில் அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று மிஞ்சியிருக்கிற வாசல் அது ஒன்றுதான். இந்தத் தடவை எந்தப் பக்கம் எறிந்தாலும் அது நான் எறிந்ததாகத்தான் இருக்கும்.

"ஜோதி, அன்னைக்கு நீ கத்துனது எனக்குக் கேட்டுச்சு" என்றேன்.

"என்னைக்கு?"

"அரியலூர் மேட்ச்ல. ஃபர்ஸ்டு ஃபர்ஸ்டுன்னு கத்துனது. ரெண்டு தடவையும் கேட்டுச்சு. சார்கிட்ட பொய் சொன்னேன்."

பாத்திரச் சத்தம் நின்றது.

"ரெண்டு தடவ கத்துனேன்ல?" என்றாள்.

"ஆமா. ரெண்டு தடவ."

"எனக்கே சந்தேகம் வந்துருச்சுடி" என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "வாய்ல வரலியோ, மனசுல நெனச்சத கத்துனதா நெனச்சுக்கிட்டனோன்னு. கல்யாணத்துக்கு அப்பறங்கூட நெனச்சுப் பாத்திருக்கேன். அப்ப நான் கத்தித்தான் இருக்கேன்."

நான் ஏதோ சொல்லப் போனேன். "சோறு கொதிக்குது, வடிக்கணும். கயலுகிட்ட நான் பேசிக்கறேன். நீ ஒன்னும் சொல்ல வேணாம்" என்று வைத்துவிட்டாள்.

பத்து நாள் ஒரு தகவலும் இல்லை. நான் போனில் அனுப்பிய செய்திகளை அவள் பார்த்ததற்கு அடையாளம் மட்டும் வந்தது. பதினோராம் நாள், ஒரு பாட்டிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. வேலை முடிந்துதான் எடுத்துப் பார்த்தேன். "கையெழுத்துப் போட்டுட்டேன். நானே ஸ்கூலுக்குப் போயி அந்த டீச்சரம்மாவப் பாத்தேன். ஷார்ட்ஸ்டாப்புல நிக்கிறதுக்கு காது கேக்குற புள்ளையாப் பாத்துப் போடுங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்." அவ்வளவுதான் இருந்தது. நாலைந்து முறை படித்தேன். எந்தச் செய்தியானாலும் கடைசியில் 'எப்ப வர்ற?' என்று ஒரு வரி போடுவாள். பதினோரு வருஷமாக அது இல்லாமல் அவளிடமிருந்து எதுவும் வந்ததில்லை. இதில் அது இல்லை.

ஏப்ரலுக்கு டிக்கெட் போட்டாயிற்று. திருச்சியில் இறங்கி பெரம்பலூர் வரை போவேன். அங்கிருந்து அரியலூர் ஒரு மணி நேரத் தூரம்தான். நேற்று மெரெயிடம் ஆறு வாரம் ஆட்டத்துக்கு வரமாட்டேன், ஊருக்குப் போகிறேன் என்று சொன்னேன். அவள் நோட்டில் குறித்துக்கொண்டு, எப்போது திரும்பி வருவாய் என்று கேட்டாள். தேதியைச் சொன்னேன். நான் எப்போது வருவேன் என்று இப்போது என்னைக் கேட்கிற ஊர் இது ஒன்றுதான்.