அலமாரிக் கயிறு

எங்கள் அத்தை வீட்டு அலமாரியின் குறுக்கே ஒரு சணல் கயிறு இருக்கும். இப்போது நினைத்தாலும் என் விரல்கள் தாமாக முடிச்சுப் போடப் பார்க்கின்றன. தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் இது புதிதல்ல. பூமிக்கடியில் எங்கோ பாறை வெடித்தால் மேலே வீடு குலுங்கும், பிளாஸ்ட் என்போம். பாத்திரங்கள் தலையில் விழாமலிருக்கத்தான் கயிறு. ஒரு டம்ளர் வேண்டுமென்றாலும் அவிழ்த்து எடுத்து, மறுபடி கட்டிவிட வேண்டும்.

அப்பா சுரங்கத்தில் பாறை சரிந்து இறந்து போனார். அடுத்த வருடமே அம்மா காய்ச்சலில் போனாள். பதின்மூன்று வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு அப்பாவின் அக்கா வீட்டுக்கு வந்தேன். அத்தை அடித்தது குறைவு, பேசியது அதிகம். "ரெண்டு பேரையும் முழுங்கிட்டு இங்க வந்து குந்திகினு கீது பாரு" என்று குழாயடியில் எல்லோர் காதிலும் விழச் சொல்வாள். அத்தை மகள் டியூப்லைட்டுக்கு நேர் கீழே, அலமாரியை ஒட்டி உட்கார்ந்து படிப்பாள். நானும் புத்தகத்தோடு அங்கே போனால், "உனக்கு இன்னாடி அங்க வேலை? வாசப்படிகிட்ட போய் உக்காரு" என்பாள் அத்தை. கதவிடுக்கு வழியாக வரும் குளிர்காற்று முதுகில் ஏறும். அந்த வாசற்படியில்தான் நான் பத்தாம் வகுப்பு வரை படித்தேன்.

பெங்களூரில் விடுதியில் தங்கி சயின்ஸ் படிக்க வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை. விண்ணப்பத்தில் கார்டியன் கையெழுத்து வேண்டும். மூன்று முறை நீட்டினேன். "நீ போய்ட்டா தண்ணி யாரு புடிப்பா? உங்கப்பன் எழுந்து வருவானா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

விண்ணப்பம் அனுப்ப இன்னும் இரண்டே நாள். அன்று சாயங்காலம், தண்ணீர் குடிக்க ஒரு டம்ளர் எடுத்தேன். பாதியில் நின்ற அல்ஜீப்ரா கணக்கு ஒன்று மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததால், கயிற்றைக் கட்டாமலே வாசற்படிக்கு வந்துவிட்டேன். தரை ஒருமுறை தூக்கிப் போட்டது. அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்த அத்தை என் பின்னலைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினாள். பிறகுதான் மகளிடம் ஓடினாள். அதற்குள் அலமாரியிலிருந்த பித்தளைக் குடம் மகளின் நெற்றியில் விழுந்திருந்தது. மூன்று தையல்.

அடுப்படியிலிருந்து வந்தால் முதலில் இருப்பது அவள் மகள். மகளைத் தாண்டித்தான் என்னிடம் வர வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவும் இதைத்தான் கேட்டாள்: "இன்னாக்கா, பெத்ததை உட்டுட்டு இவளைத் தள்ளிகினு வந்தே?"

"ஓடுற வழியில கெடந்தா, தள்ளினேன். அதுக்கு இன்னா இப்ப?"

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், அவிழ்ந்து தொங்கிய கயிற்றை அத்தை பார்த்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன். உப்பு கூடினால் ஒரு வாரம் பேசுகிறவள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையில், "எங்கடி அந்தப் பேப்பரு?" என்றாள். எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டு என் மடியில் எறிந்தாள். "போ. இனிமே இந்த ஊட்ல இருக்காதே."

துரத்தினாளா, தப்பிக்க விட்டாளா? விடுதியில் தோழிகள் அவளைத் திட்டினால் நானும் சேர்ந்து திட்டுவேன். மறுநாளே அவளுக்காக அவர்களோடு சண்டை போடுவேன். வாசற்படி எனக்குத் தண்டனையா? அல்லது வீடு குலுங்கினால் முதலில் வெளியேறக்கூடிய இடம் என்றா? அப்படியென்றால் சொந்த மகளை ஏன் அலமாரிக்குக் கீழே உட்கார வைத்தாள்? எந்தக் கணக்கையும் விடாமல் போடுகிறவள் நான். இது மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு விடை தருகிறது.

இந்த வருடம் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பங்காருபேட்டையில் வண்டி மாறி அத்தையைப் பார்க்கப் போனேன். அத்தை மகள் கல்யாணமாகி வேலூர் போய்விட்டாள். அத்தை கயிற்றை அவிழ்த்து டம்ளர் எடுத்தாள். எடுத்த கையோடு கட்டினாள்.

"மைன்ஸே மூடிட்டாங்களே அத்தை, இன்னும் எதுக்குக் கயிறு?"

"மூடினது பூமிக்குத் தெரியுமா இன்னா?"

வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்தேன். காபியோடு வந்தவள் நின்றுவிட்டாள்.

"அங்க உக்காராதே. வாசப்படிகிட்ட போ."

வீடு முழுக்கக் காலியாகத்தான் இருந்தது. எழுந்து போனேன். அதே காற்று, அதே முதுகு. குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி அலமாரியில் வைத்து, இந்த முறை மறக்காமல் கயிற்றைக் கட்டினேன். அத்தை வந்து என் முடிச்சை இழுத்துப் பார்த்தாள். அதை அவிழ்த்து, மறுபடி தானே கட்டினாள்.