சிங்கப்பூருக்குப் போன திட்டு

ஜெய்த்தூன் பீவியிடம் திட்டு வாங்காதவர் சைகோனில் இருந்தால், அவர் இன்னும் கப்பலை விட்டு இறங்காதவராகத்தான் இருப்பார். காரைக்காலிலிருந்து கணவரோடு வந்தவர்; எல்லோருக்கும் லாத்தா, அதாவது அக்கா. கணவர் மௌத்தாகி, தான் தனியாளான பிறகு துணிக்கடையைத் தானே நடத்தினார். தமிழும் அந்த ஊர் மொழியான அன்னமியமும் நன்றாகப் பேசுவார். பிரெஞ்சில் திட்ட மட்டும் தெரியும். இங்கிலீஷுக்கு என்னை வைத்திருந்தார். எங்கள் ஊரின் முதல் பி.ஏ. நான்.

அந்த வருஷம் நோன்புப் பெருநாளுக்காகச் சிங்கப்பூர் இங்கிலீஷ் கம்பெனி ஒன்று அனுப்பிய வெள்ளை மல் துணி, கடல் தண்ணீர் பட்டுக் கறையோடு வந்தது. பெருநாளுக்கு ஆறே வாரம். அதற்குள் மாற்றுத் துணி வராவிட்டால் வாடிக்கை முழுவதும் எதிர்க்கடைக்குப் போய்விடும்.

அவர் சொல்லச் சொல்ல நான் கம்பெனிக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத வேண்டும். அரை மணி நேரம் சொன்னார். படித்தவன் அல்லவா, 'கனம் பொருந்திய ஐயா, சிறு குறை' என்று நாலு வரியில் முடித்தேன். பதில் இல்லை. இரண்டாவதும் அப்படியே போயிற்று. மூன்றாவதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"நான் அரை மணி திட்டினேன். நீங்க நாலு வரி எழுதிருக்கிய. மிச்சத்த யாருக்கு வச்சிருக்கிய, பி.ஏ. தம்பி?"

அன்று ஒரு சொல் விடாமல் எழுதினேன். இந்தத் துணியை உன் மாப்பிள்ளைக்குக் கொடுத்தால், பெண்ணை உன்னிடமே விட்டுவிட்டுப் போய்விடுவான் என்பது உட்பட ஒன்பது பக்கம்.

பத்தாம் நாள் பதில் வந்தது. 'உங்கள் டயட்ரைப் கிடைத்தது. மாற்றுத் துணி அடுத்த கப்பலில்.'

அது என்ன வார்த்தை என்று கேட்டார். கோபமும் கசப்புமாக, மூச்சுவிடாமல், ஒருவனுடைய குற்றங்களை நீட்டி முழக்கித் தாக்குவது என்றேன். ஒரு வரித் திட்டுக்கு அந்தப் பெயர் கிடைக்காது. திட்டியவர் தன் பேச்சை அப்படிச் சொல்லிக்கொள்வதும் இல்லை, லாத்தா. வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான் சொல்வான் என்றும் சொன்னேன்.

"அப்ப அவனுக்குப் பட்டிருக்கு," என்றார் நிதானமாக.

பெருநாளுக்கு எட்டு நாள் முன்பு துணி வந்தது. ஒவ்வொரு பேல் கட்டாகப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, கறையைத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. கடை நிறைய ஜனம். அவர் யாரையும் திட்டாமல் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் எதிர்க்கடை சேக் வந்து, லாத்தாவுக்கு உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று என்னிடம் ரகசியமாக விசாரித்துவிட்டுப் போனார்.