பெனடிக்ற் அண்ணை வேகத்தால் சாகவில்லை

செய்தி எனக்கு நெடுந்தீவில் கிடைத்தது. ஒரு வள்ளத்தின் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மத்தியான லோஞ்ச் படகில் வந்து இறங்கிய, அந்த வள்ளத்தின் சொந்தக்காரரான சம்மாட்டியார் கரையில் நின்றபடியே சொன்னார்: “தம்பி, உங்கட ரேஸ்காரர் போயிட்டார். தாம்போதி றோட்டிலை பறந்தடிச்சுக் கொண்டுபோய்க் கல்லிலை குடுத்திட்டாராம்.”

சாவோடு சேர்ந்து பொய்யும் அதே லோஞ்சில் வந்து இறங்கிவிட்டது. அடக்கத்தன்றும் அதையேதான் கேட்டேன். பிரசங்கத்தில்கூட, இளைஞர்கள் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று புத்திமதி. இப்போது முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ‘நல்லதாக நாலு வரி’ கேட்கிறார்கள். நல்லதாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

பெனடிக்ற் அண்ணை ஊர்காவற்றுறையில் காரியாதிகாரி கந்தோரில் எழுதுவினைஞர். ஆண்டுக்கொருமுறை லீவு போட்டு மலைநாட்டில் கார்ப் பந்தயம் பார்க்கப் போவார். எங்கள் ஊர் கரம்பொன் அவருக்கு ‘ரேஸ்காரர்’ என்று பட்டம் வைத்தது அதனால்தான். ஒருமுறை நானும் கூடப் போனேன். சனமெல்லாம் கயிற்றோரம் இடம்பிடிக்க, இவர் என்னை இழுத்துக்கொண்டு போனது கார்களைச் சோதிக்கும் இடத்துக்கு. அங்கே ஒருவர் சாக்கை விரித்து, ஒவ்வொரு காருக்கும் கீழே படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய இடத்துப் பிள்ளை ஒருவரின் காரை, முன்சில்லு ஆடுகிறது என்று சொல்லி மறித்துவிட்டார். பிள்ளை கத்தினார். தகப்பன் வந்து கத்தினார். மனிதர் அசையவில்லை. அண்ணை தன்னந்தனியாகக் கைதட்டினார். “இண்டைக்கு வெண்டது இந்த மனிசன்தான். வாரும், தேத்தண்ணி குடிப்பம்.” பந்தயம் அப்போது தொடங்கவே இல்லை.

“வேகமா ஓட எந்த விசரனுக்கும் ஏலும். நினைச்ச இடத்திலை நிப்பாட்ட ஏலுமோ?” என்று கேட்பார். இந்த மனிதரைத்தான் வேகப் பைத்தியம் என்கிறீர்கள்.

மலிவுக் கார்களைப் பற்றியும் அவருடைய கட்சி அதுதான். கொழும்பில் உத்தியோகம் பார்ப்பவர்கள் லீவில் வரும்போது பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்டிவருகிறார்கள். புதுக்கார் வாங்க வழியில்லாத காலம். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வந்த நாள் தொடக்கம் காலையில் வாளி வாளியாகக் கிணற்றுத் தண்ணீர் அள்ளி ஊற்றிக் கழுவுகிறார்களே, அதை என்ன என்பது? நம் கிணறுகளில் பாதிக்கு மேல் உவர். தேத்தண்ணீருக்கு உதவாத தண்ணீர் காருக்கு மட்டும் உதவுமா? மேலே மினுங்கும், கீழே இரும்பைக் கறள் தின்னும். வள்ளக்காரர்களுக்கு உப்பு என்ன செய்யும் என்று தெரியும். படித்தவர்களுக்கு ஏறவில்லை.

அண்ணையின் சொந்தக் கார் மூன்று நிறம். கழுவுவதென்றால் தொட்டியில் பிடித்த மழைத்தண்ணீர் மட்டும். “எனக்கு முழுக விடாத தண்ணியை உதுக்கு ஊத்துறார்” என்று மனைவி றோஸ் அக்கா சண்டை பிடிப்பார். கந்தோரில் கூட வேலைசெய்த, மினுங்கும் கார்க்காரர் ஒருவர் கேட்டார்: “பெனடிக்ற், உது காரோ கோழிக்கூடோ?”

“கோழிக்கூடுதான். பிறேக்கை மிதிச்சால் நிக்கிற கோழிக்கூடு. உம்மடை மயில் நிக்குமோ?”

இனி, அண்ணை அடிபட்ட அந்த மற்றக் கார். அதன் சொந்தக்காரரின் பெயரை எழுதமாட்டேன். கொழும்பில் நல்ல உத்தியோகம். தை மாதம் அதை ஓட்டிவந்தார். முகம் பார்க்கலாம், அப்படி மினுக்கம். உவர்த்தண்ணீர் ஊற்றவேண்டாம் என்று அண்ணை என் முன்னால் இரண்டுமுறை சொன்னார். “உம்மைப்போலை ஊத்தையா வைச்சிருக்கச் சொல்லுறீரோ?” என்று கேட்டுச் சிரித்தார் அவர். அவருக்கு அடுத்த லீவில் யாழ்ப்பாணத்தில் பெண்பார்க்கப் போகவேண்டும். அந்தக் காரில்தான் போய் இறங்கவேண்டும்; ஆனால் பட்டண நெரிசலில் ஓட்டப் பயம். அண்ணையை ஓட்டச் சொல்லிக் கேட்டார்.

அண்ணை ஓட்டிப்போன வழியில், கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதியில் பஸ் ஒன்று நின்றது. இறால் கூடைகளோடு இரண்டு பெண்கள் இறங்கி, றோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். அண்ணை காரைக் கடற்பக்கக் கல்லில் சாத்தினார். பெண்களுக்கு ஒரு கீறலும் இல்லை. பின்னால் இருந்த சொந்தக்காரருக்கு முழங்கையில் காயம். அந்த முழங்கையைத் தூக்கிக்கொண்டே செத்தவீட்டில் நின்று, “சொல்லச் சொல்லக் கேளாமல் ஓடினவர்” என்றார் அந்த மனிதர்.

மூன்றாம் நாள் நான் காரைப் போய்ப் பார்த்தேன். கியர் இரண்டில் கிடந்தது. கைப்பிறேக் நுனிவரை இழுபட்டிருந்தது. வேகமாக ஓட நினைப்பவன் செய்கிற வேலையா இவை? கீழே புகுந்தேன். பின்சில்லுக்குப் போகும் பிறேக் குழாய், தகட்டோடு ஒட்டிப்போகும் இடத்தில், கறள் தின்று வெடித்திருந்தது. விரலால் அழுத்தினேன், பிஸ்கற் போல உதிர்ந்தது. அவர் மிதித்தபோது காலுக்குக் கீழே ஒன்றுமே இருந்திருக்காது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவந்து என் பட்டறை மேசையில் வைத்திருக்கிறேன். வேகம் என்று சொல்கிறவர்கள் வந்து தொட்டுப் பாருங்கள்.

இதோடு முடித்திருந்தால் எனக்கு வசதி. முந்தாநாள் றோஸ் அக்காவிடம் போய் மிச்சத்தையும் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு “அதையும் எழுதும். அவரின்ரை பேரைக் காப்பாத்த வெளிக்கிட்டனீர், அரைவாசியிலை நிக்காதையும்” என்றார். சரி.

பெண்பார்க்கப் போவதற்கு முதல்நாள் சொந்தக்காரர் காரை என்னிடம்தான் கொண்டுவந்தார். நான் ஒரு கல்யாணவீட்டுக்கு வெளிக்கிட்டு நின்றேன், வெள்ளைக் காற்சட்டை. முன்மூடியைத் திறந்தேன், எஞ்சினைக் கேட்டேன், நல்லம் என்றேன். படித்துச் சான்றிதழ் வாங்கிய நான் நிலத்தில் படுக்கவில்லை. அடுத்தநாள் காலை அண்ணை பட்டறைக்கு வந்தார். அவருக்கும் வெள்ளைச் சேட்டுத்தான். என்றாலும் சாக்கு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்:

“நீர் பாத்தனீரெண்டு சொல்லுறார். கீழையும் பாத்தனீரோ?”

“ஓம் அண்ணை.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். சாக்கை மடித்து மேசையில் வைத்தார்.

“அப்ப சரி.”

என்னை நம்பி அவர் சொன்ன அந்த இரண்டு சொல்தான், பெனடிக்ற் அண்ணை எனக்கு விட்டுப்போனது.