நிலநடுக்கத்துக்குப் பங்கர் தேடின குகன்

அழுகின ஆப்பிளுக்குக் கள்ளு வாசம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும்... இத்தாலியில் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் ஆப்பிள் ஆய்ந்தவன் நான். ஏணி வைக்காமலே உச்சிக் கொப்பு வரை ஆய்வேன். என்னை மாதிரி ஓர் ஆளை அந்தத் தோட்டம் முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டிராது.

கூட வந்தவன் என் மனைவியின் தம்பி குகன். "என்ர ஒரே தம்பி, கவனமாப் பாருங்கோ" என்று அவள் அழுது ஒப்படைத்தவன். சண்டைக் காலத்தில் ஷெல் சத்தம் கேட்டால் பங்கர் குழிக்குள் பாய்ந்தும், சனம் இடம்பெயர்ந்தால் கூடவே ஓடியும் வளர்ந்த வன்னிப் பெடியன்.

ஒருநாள் காலை, தேத்தண்ணிக் கோப்பை மேசையில் தானாக நடந்தது. பிறகு முழுப் பள்ளத்தாக்கும் சுளகில் போட்டுப் புடைத்தது மாதிரி... சேர்ச் மணி கழன்று உருண்டு எங்கள் வாசலுக்கே வந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்! நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரர் எல்லாரும் வெளியே ஓடினார்கள். எல்லாருக்கும் முன்னால் நான்.

திரும்பிப் பார்த்தால் குகனைக் காணவில்லை. வீட்டுக்குக் கீழே ஆப்பிள் அடுக்குகிற நிலவறைக்குள் குப்புறக் கிடக்கிறான், காதைப் பொத்திக்கொண்டு.

"டேய், வெளியில வாடா!"

"அத்தான், விசரே? உள்ளுக்கு வந்து படுங்கோ! சத்தம் நிண்டாப் பிறகு போவம்."

"இது ஷெல் இல்லையடா! பூமி ஆடுது, வீடு விழப்போகுது!"

"வெட்டைக்குள்ள நிண்டாத்தான் சாவு. படுங்கோ எண்டுறன்!"

சுவர் வெடிக்கிறது, இவன் எனக்குப் பாடம் எடுக்கிறான். கெஞ்சினேன், ஏசினேன், செருப்பால் எறிந்தேன். அசைந்தால்தானே! கடைசியில் என் மூளையில் ஒன்று மின்னியது.

"குகன்! சனமெல்லாம் வெளிக்கிட்டுது... இடம்பெயருறம்!"

அவ்வளவுதான். பக்கத்தில் கிடந்த சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கேள்வி இல்லாமல் ஏறி வந்தான். நாங்கள் வெட்டைவெளிக்கு வர, வீடு இருந்த இடத்தில் புழுதி. அவன் திரும்பியும் பார்க்கவில்லை.

"இனி எங்க போறம், அத்தான்?" என்றான்.

அவன் தோளில் இருந்த சாக்கை வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன்...

இப்போது இருவரும் ஊர் திரும்பிப் புளியங்குளத்தில். நான் இந்தக் கதையைத் தொடங்கினால் போதும், "உங்கட பூமியதிர்ச்சி எங்கட ஒரு ஷெல்லுக்குக் கிட்ட வருமோ?" என்று தேத்தண்ணிக் கடையே சிரிக்கிறது. குகன் அதற்கும் மேல். நிலவறைக்குள் கிடந்தது நானாம், இழுத்தெடுத்தது அவனாம்! அதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, என் மனைவி பெரிய மீன்துண்டையும் அவனுக்கே வைக்கிறாள்.

சொல்லிக் களைத்துவிட்டேன். கதை அளக்கட்டும்... அளக்க அவன் இருக்கிறானே.