கக்கத்துக்குக் கீழே போன பட்டை

மாரிசெல்வி கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. சீட் பெல்ட் செய்யும் கம்பெனியில், சோதித்துப் பார்க்கும் கடைசி மேஜை அவளுடையது. பட்டையை மெதுவாக இழுத்தால் வர வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் உள்ளே கவ்விப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காததை ஒதுக்கிவிடுவாள். நாள் முழுக்க இழுத்து இழுத்து வலது தோள் கடுத்துக்கொண்டே இருக்கும்.

கணவன் வனமாமலை ஒரு பழைய காரை வாடகைக்கு ஓட்டினான். பெல்ட் போடுவான்; ஆனால் தோளில் வர வேண்டிய பட்டையைக் கக்கத்துக்குக் கீழே விட்டுக்கொள்வான். ஆள் குட்டை, பட்டை கழுத்தில் உரசியது. கதவோரத் தூணில் பட்டையின் உயரத்தை இறக்கிவைக்கும் பிடி துருவேறி இறுகிக் கிடந்தது. படப்பை மெக்கானிக் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மாடலுக்கு பார்ட்ஸே வர்றதில்லமா" என்றார்.

ஒரு ஞாயிறு காலை இருவரும் மிக்சி வாங்கப் படப்பைக்குக் கிளம்பினார்கள்.

"ஏங்க, பட்டை தோள் எலும்பு மேல வரணும். கீழ்ப்பட்டை இடுப்பெலும்புல உக்காரணும், வயித்துல இல்ல. இப்படிப் போட்டா விலாவ ஒடிச்சிரும்."

"தெனமும் இதே பாட்டுதானா? கழுத்து புண்ணாப் போச்சு செல்வி."

அவள் எட்டிப் பட்டையை மேலே தூக்கப் பார்த்தாள். அவன் கையைத் தள்ளிவிட்டான்.

சேரப்பணஞ்சேரி தாண்டியதும் முன்னால் போன கன்டெய்னர் லாரி சட்டென்று நின்றது. வனமாமலை பிரேக்கை மிதித்தும் கார் அதன் பின்னால் போய் இடித்தது. மாரிசெல்வியைப் பட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவன் பக்கவாட்டில் சரிந்து கிடந்தான். ரத்தம் எதுவும் இல்லை. "ஒண்ணுமில்ல" என்றான். சற்று நேரத்தில் உதடு வெளுத்துவிட்டது.

அந்த வழியாக வந்த ஷேர் ஆட்டோக்காரர் கோதண்டம், "இன்னாமா பாத்துகினு கீற, ஏத்து!" என்று கத்தி, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார்.

விலா எலும்பு நான்கு முறிந்து, மண்ணீரல் கிழிந்திருந்தது. டாக்டர் நெஞ்சின் கீழே பட்டை பதிந்து கன்றியிருந்த தடத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"பெல்ட்டைக் கைக்கு அடியிலயா போட்டிருந்தார்? நீங்க சொல்லலையா?"



படிவம் நிரப்பிய நர்ஸ் மெர்சி, "நீ எங்கமா வேலை பாக்குற?" என்றாள்.

"சீட் பெல்ட் கம்பெனில."

மெர்சி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை மாரிசெல்வியால் தாங்க முடியவில்லை.

மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வேறொரு வாடகைக் காரின் முன் சீட்டில் அவனை உட்காரவைத்து, பட்டையைத் தோள்மேலாக இழுத்தாள். அது விலாவில் பட்டதும் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம் செல்வி. உயிர் போவுது."

போடவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. பட்டையைக் கையில் வைத்தபடி நின்றாள். டிரைவர் வண்டியைக் கிளப்பாமல் காத்திருந்தார். கடைசியில் அவனே கண்ணை மூடித் தலையசைத்தான். மாட்டிவிட்டாள்.

ஒவ்வொரு வேகத்தடையிலும் அவன் முனகினான். "மெதுவாப் போங்கண்ணே" என்று பின் சீட்டிலிருந்து சொல்வதைத் தவிர, ஒரகடம் வரும்வரை அவளால் வேறெதுவும் செய்ய முடியவில்லை.