உப்புல இருக்கான்

எங்கள் ஊரில் யாரும் வேலை பார்க்க மாட்டார்கள், எதிலாவது இருப்பார்கள். மில்லுல இருக்கான், ஹார்பர்ல இருக்கான், பஞ்சுல இருக்கான், சங்குல இருக்கான் என்று சொன்னால் போதும், தூத்துக்குடிக்காரருக்கு விளங்கிவிடும். சங்குல இருக்கான் என்றால் அவன் கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவனா, கரையில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவனா, கல்கத்தாவுக்கு ஏற்றிவிடுகிற வியாபாரியா என்பதெல்லாம் கேட்கிறவர் பாடு. இந்தப் பேச்சுச் சிக்கனத்தால் ஊரில் யார் யாருக்கு என்ன நஷ்டம் வந்ததோ எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் என் அண்ணனுக்கு வந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அண்ணன் பள்ளிக்கூடப் படிப்பை முடித்துவிட்டு ஓர் உப்பு முதலாளியிடம் சேர்ந்திருந்தான். அவருக்குத் தருவைகுளம் போகிற பாதையில் உப்பளங்கள் இருந்தன. கொழும்புக்குப் போய்வரச் சொந்தத் தோணிகளும் இருந்தன. காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போவான். மத்தியானம் கடற்கரையில் நின்று தோணியில் மூட்டை ஏற்றுவதைப் பார்ப்பான். சாயங்காலம் முதலாளியின் கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுவான். வீட்டுக்கு வரும்போது சட்டைக் காலரில் வேர்வை காய்ந்து வெள்ளைக் கோடு போட்டிருக்கும். அம்மா அதைத் துவைக்கும்போதெல்லாம் திட்டுவாள். அவனோ சாப்பாட்டில் உட்கார்ந்து, குழம்பில் கிடக்கிற உப்பு எந்த அளத்து உப்பு என்று சொல்லி அவளை மேலும் எரிச்சல்படுத்துவான்.

அவனுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. சம்பளமும் நல்ல சம்பளம். அரிசிக்கு வரிசையில் நின்ற அந்த நாளில், முதலாளி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மூட்டை அரிசி அனுப்பினார். "ஏலே, வருஷம் திரும்பட்டும், உன்னைக் கொழும்புக் கடைக்கு அனுப்புதேன்" என்று அண்ணனிடம் சொல்லியும் வைத்திருந்தார். அண்ணன் அதை எங்களிடம் சொன்ன அன்று அவன் முகம் இருந்த இருப்பை நான் மறக்கவில்லை. கொழும்பில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "தூத்துக்குடி தவிர மத்த எல்லாம் இருக்கு" என்றான்.

எங்கள் அய்யாவுக்கு மட்டும் இது எதுவும் பிடிக்கவில்லை. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவர் பஞ்சைப் பொதியாக அமுக்குகிற பிரஸ் ஒன்றில் எடை போடுகிறவராக இருந்தார். என் சின்ன வயதில் ஒருநாள் காலையில் வேலைக்குப் போனவர் அரைமணி நேரத்தில் தூக்குச்சட்டியோடு திரும்பி வந்தார். தூக்குச்சட்டி திறக்கப்படவே இல்லை. "நாளைக்கு வரவேண்டாம்னுட்டான்" என்று அம்மாவிடம் சொன்னார். அதற்குப் பிறகு கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார், ஆனால் அந்த ஒரு வார்த்தை அவர் காதைவிட்டுப் போகவில்லை. யாராவது கைநிறையச் சம்பளம் வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டால், "நாளைக்கு வரவேண்டாம்னு சொன்னா என்ன செய்வான்?" என்றுதான் கேட்பார். சர்க்கார் உத்தியோகம் ஒன்றில்தான் அப்படிச் சொல்ல ஆள் கிடையாது என்பது அவர் கட்சி. பென்சன் என்ற சொல்லை அவர் சாமி பெயரைப்போல் உச்சரிப்பார்.

ஆகவே அண்ணனை நச்சரித்து உப்பு இலாகாவில் குமாஸ்தா வேலைக்கு மனுப்போட வைத்தார். அந்த நாளில் உப்புக்கு வரி உண்டு. அளத்திலிருந்து ஒரு மூட்டை வெளியே போவதானாலும் இலாகாக்காரர்கள் நின்று நிறுத்துப் பார்த்துத்தான் விடுவார்கள். அண்ணன் அய்யாவின் வாய்க்குப் பயந்து மனுப்போட்டான், போட்டதை மறந்தும் போனான். இலாகா மறக்கவில்லை. உத்தரவு வந்துவிட்டது.

முதலாளி கொடுத்த சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. அண்ணன் உத்தரவைப் படித்துவிட்டு மடித்து அலமாரியில் வைத்தான். "போகலைய்யா" என்றான். அய்யா அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் அண்ணன் அதையே சொன்னான். அவன் அப்படி அய்யாவை எதிர்த்து நின்றதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அத்தை வந்தாள். அய்யாவின் கூடப்பிறந்தவள், உடன்குடியில் வாழ்க்கைப்பட்டவள். எனக்கு மாப்பிள்ளை பார்க்கும் பொறுப்பை அவளாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எந்தப் பேச்சையும் முழுசாகச் சொல்லும் வழக்கம் கிடையாது. பாதியைச் சொல்லிவிட்டு வெற்றிலை போட ஆரம்பித்துவிடுவாள். வந்து உட்கார்ந்ததும் சொன்னாள்:

"கருப்பட்டி யாவாரம். நல்ல குடும்பம். நம்ம பிள்ளையைப் பத்திச் சொன்னேன். அண்ணன்காரன் என்ன பண்ணுதான்னு கேட்டாவ. உப்புல இருக்கான்னேன். அவ்வளவுதான், மாப்பிள்ளையோட அய்யாவுக்கு முகம் மலர்ந்து போச்சு. வார வெள்ளிக்கிழமை பாக்க வாராவ."

அய்யா நிமிர்ந்து உட்கார்ந்தார். "உப்புலன்னதும் சந்தோசப்பட்டாவளா?"

"பின்ன? அதுக்காகத்தான் வாராவன்னு வச்சுக்கோயேன்" என்றாள் அத்தை, வெற்றிலையை மடித்துக்கொண்டே.

அய்யா அண்ணனைப் பார்த்தார். "கேட்டியால? சர்க்கார் உத்தியோகம்னா ஊரு எப்படி மதிக்குதுன்னு பாரு. நீ போகலைன்னா இந்தச் சம்பந்தம் நிக்குமா?"

அத்தை தலையை ஆட்டினாள். அவளுக்கு உத்தரவு வந்த விஷயமே தெரியாது. அண்ணன் ஏதோ வேலை விஷயமாக முரண்டு பிடிக்கிறான், அய்யா சொல்வதற்குத் தலையாட்டுவோம் என்று ஆட்டியிருப்பாள். அன்று அவளைப் பிடித்து உட்காரவைத்து, எந்த உப்பு என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்க யாருக்கும் தோன்றவில்லை. வீட்டில் அத்தனை நாளும் உப்பு என்றால் உப்பு இலாகா என்றுதான் சண்டை நடந்துகொண்டிருந்தது. எங்கள் காதில் வேறெதுவும் விழவில்லை.

அண்ணன் எழுந்து கொல்லைப்பக்கம் போனான். நான் பின்னாலேயே போனேன். கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தான். "அண்ணே, எனக்காகன்னு ஒண்ணும் செய்யாதண்ணே. இந்த மாப்பிள்ளை இல்லைன்னா வேற" என்றேன். சொல்லும்போதே என் குரலில் தெம்பு இல்லை. எனக்கு இருபத்திரண்டு வயது. அந்தக் காலத்துக்கு அது முற்றிய வயது. ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் இருந்தார்கள். அவனுக்கும் அது தெரியும்.

"போளா, உன்கிட்ட யாரு கேட்டா" என்று சிரித்தான். மறுநாள் முதலாளியிடம் போய், விலகிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பின்னால் எனக்கு மாமனாரான பெரியவர், காப்பியைக் குடித்துவிட்டு அண்ணனைப் பார்த்து, "உப்புல எல்லாம் நல்லாப் போகுதா தம்பி?" என்று கேட்டார். "போகுது மாமா" என்றான் அண்ணன். "கொழும்புக்கும் போகுதுல்லா?" என்றார். "போகுது மாமா" என்றான் மறுபடியும். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு, இந்தப் பெரியவர் ஊர் நடப்பெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாரே என்று மதிப்புத்தான் வந்தது. கல்யாணம் நடந்தது. கல்யாணத்தில் பேச்செல்லாம் அரிசி எப்படிக் கிடைத்தது என்பதிலேயே ஓடிவிட்டது.

அண்ணன் இலாகாவில் சேர்ந்து கொஞ்ச நாளில் அவனை அனுப்பியது அதே முதலாளியின் அளத்துக்கு. நான் அப்போது மறுவீட்டுக்கு வந்திருந்தேன். வேலை முடிந்து வந்தவன் சட்டையைக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். என்னண்ணே என்றேன். "முதலாளி என்னை வாங்க சார்னுட்டாரு" என்றான். அதுவரை அவர் வாயிலிருந்து ஏலே தவிர வேறு சொல்லை அவன் கேட்டதில்லை. உட்கார நாற்காலி போட்டுக் கொடுத்தாராம். அண்ணனுக்கு அன்று கண் கலங்கியிருந்தது. அம்மாவுக்கு அதில் என்ன வருத்தம் என்று புரியவில்லை; மரியாதையாகத்தானே கூப்பிட்டார் என்றாள்.

நான் உடன்குடிக்குப் போய் ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். மாமனார் கருப்பட்டிச் சிப்பங்களைக் கொழும்புக்கு அனுப்ப வழி தேடிக்கொண்டிருந்தார். யுத்தத்தில் தோணிகளில் இடம் கிடைப்பது கஷ்டம். ஒருநாள் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து என்னிடம் சொன்னார்:

"யம்மா, உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. அவிய முதலாளி தோணியில நமக்குக் கொஞ்சம் இடம் பிடிச்சுத் தரட்டும். கேக்கக் கூச்சமாத்தான் இருக்கு, ஆனா உப்புல நமக்குன்னு ஆளு வேணும்னுதான உங்க வீட்டுக்கே வந்தது."

எனக்கு முதலில் புரியவில்லை. "அண்ணன் முதலாளிகிட்ட இல்லையே மாமா. உப்பு இலாகாவுலல்லா இருக்காவ" என்றேன்.

"எப்பலேர்ந்து?"

"கல்யாணத்துக்கு முன்னாலேயே."

பெரியவர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். மாமியாரைக் கூப்பிட்டு அவளிடமும் சொல்லிச் சிரித்தார். "நல்லா இருக்கு போ. சர்க்கார் உத்தியோகத்தை வச்சு நான் என்ன செய்ய, தராசுல வச்சு நிறுக்கவா? தோணி வச்சிருக்கிற முதலாளிகிட்ட இருக்கிற பையன்னுதான வந்தேன். அப்படிப்பட்ட இடத்தை விட்டுட்டு எதுக்குப் போனான்?"

"அண்ணன் அங்கனயே இருந்திருந்தாலும் சம்மதிச்சிருப்பியளா மாமா?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்ட கேள்விதான்.

"அங்கன இருக்கான்னுதாம்மா சம்மதிச்சதே."

அவர் நல்ல மனிதர். அதை வைத்து என்னை ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. வேடிக்கைக் கதையாக மட்டும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள், என் வீட்டுக்காரரும் சிரித்தார். நான் அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். யாரும் கேட்காத ஒன்றை என் அண்ணன் எனக்காகக் கொடுத்திருக்கிறான். வாங்கிக்கொண்டவர்களுக்கு அது வேண்டவும் இல்லை. ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்லச் சோம்பல்பட்ட அத்தைமேல் வந்த கோபம், அவள் செத்துப்போன பிறகும் எனக்கு முழுசாகத் தீரவில்லை.

அண்ணன் விட்ட இடத்துக்கு வந்தவரை முதலாளி கொழும்புக்கு அனுப்பினார். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து மூட்டை எடை பார்த்தான். பொங்கலுக்குத் தாய்வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். அய்யா பக்கத்தில் இருப்பார். அல்லது அம்மா இருப்பாள். அல்லது யாரும் இருக்க மாட்டார்கள், எனக்கு வாய் வராது.

பிறகு உப்பு வரியை எடுத்துவிட்டார்கள். சுதந்திரம் வருவதற்குச் சில மாதம் முன்னால் அது. ஊரே கொண்டாடியது, அளத்தில் வேலை செய்கிறவர்கள் மிட்டாய் கொடுத்தார்கள். வரி இல்லை என்றால் அதை வசூலிக்க அத்தனை ஆள் எதற்கு? அய்யா வெலவெலத்துப் போனார். அந்த வயதில் மறுபடியும் அந்தப் பழைய வார்த்தை வீடு தேடி வந்துவிட்டதென்றே நினைத்தார். ஆனால் அண்ணனை வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. புகையிலை வரி பார்க்கிற பக்கம் மாற்றினார்கள். தெலுங்கு தேசத்தில் எங்கேயோ ஓர் ஊர்.

வழியனுப்ப உடன்குடியிலிருந்து நானும் போயிருந்தேன், இடுப்பில் பிள்ளையோடு. சாயங்கால வண்டி. அய்யா பிளாட்பாரத்தில் தெரிந்தவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். "சர்க்கார் கைவிடலை பாத்தியளா? தனியார்னா அன்னைக்கே வரவேண்டாம்னு சொல்லியிருப்பான்" என்று அவர் சொல்வது எனக்குக் கேட்டது. வரி போனபின் உப்பு வியாபாரம் எப்படிக் கொழித்தது என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அதற்குள் தலையில் அங்கங்கே இளநரை. தெலுங்கில் தண்ணீர் என்பதற்கு என்ன என்று கேட்டு வைத்துக்கொண்டதாகச் சொன்னான். கடல் கிடையாதாம் அந்த ஊரில். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போது என்று எனக்குள் அடித்துக்கொண்டது. பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தேன். "அண்ணே, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"நான் ஒண்ணு சொல்லுதேன், முதல்ல கேளு" என்றான். பிள்ளையின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே சொன்னான். "இந்த உத்தியோகம் எனக்கு ஒட்டவே இல்லைளா. ஒருநாள்கூட ஒட்டலை. பல நாளு எழுதிக் குடுத்துட்டு வந்துருவோம்னு நெனச்சிருக்கேன். அப்பல்லாம் உன்னையத்தான் நெனச்சுக்கிடுவேன். இதை வச்சுத்தான உனக்கு அந்த வீடு அமைஞ்சுது? அது போதும் எனக்கு." பிறகு, "நீ என்னமோ சொல்லணும்னியே?" என்றான்.

"ஆமாண்ணே. அதையேதான் சொல்ல வந்தேன்" என்றேன். "உன்னாலதான் எனக்கு அந்த வீடு அமைஞ்சுது."

அவன் முகம் தெளிந்தது. வண்டி புறப்பட்டது. அதற்குப் பிறகு எங்கெங்கோ மாற்றலாகிப் போய், நரைத்துத் தளர்ந்து, பென்சனோடுதான் ஊர் திரும்பினான். நான் அன்று ஜன்னலோரம் சொன்னதை நம்பித்தான் மீதி வருஷங்களையும் பார்த்து முடித்தான்.